பாஸ்புக்கில் வராத ஏழு மாதம்

காரைக்குடிக்கு வெளியே ஒரு ஆலையில் மூன்று வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தேன். ஆலையில்தான் வேலை, ஆனால் ஆலை ஆள் இல்லை. காண்ட்ராக்ட். 2023-இல் காண்ட்ராக்டர் மாறினார். பழையவர் போன பிறகுதான் மகன் போனில் என் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து காட்டினான். கடைசி ஏழு மாதம் பணம் ஏறவே இல்லை. சம்பளச் சீட்டில் மட்டும் மாதாமாதம் 1,200 ரூபாய் பிடித்திருந்தார்கள்.

பழைய காண்ட்ராக்டர் "அடுத்த வாரம் கட்டிடுறேன்பா" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆலை ஆபீசில் போய் நின்றேன். "தம்பி, நீங்க எங்க ஆளு இல்ல. உங்க காண்ட்ராக்டரைப் பாருங்க." குரலில் கோபம்கூட இல்லை. நானும் அதை நம்பித் திரும்பிவிட்டேன்.

கல்லுக்கட்டிப் பக்கம் டீக்கடையில், பழைய யூனியன்கார அண்ணன் ஒருவர்தான் விளக்கினார். "நீ யாரு ஆளுங்கிறது வேற, உன் பி.எஃப்.புக்கு யாரு பொறுப்புங்கிறது வேற." காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது ஆலை, கட்டியாக வேண்டும். அதைக் காண்ட்ராக்டர் பில்லில் கழித்துக்கொள்ளலாம். சம்பளப் பாக்கிக்கும் அப்படித்தான். சம்பளத்துக்கு அப்போது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இருந்தது.

எனக்கு ஆசை விடவில்லை. "480 நாள் பார்த்தா நிரந்தரம்னு சொல்றாங்களேண்ணே?" சிரித்தார். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 24 மாதத்தில் 480 நாள். ஆனால் காண்ட்ராக்ட் ஆள் முதலில் தான் யாருடைய ஆள் என்று நிரூபிக்க வேண்டும். தானாக நிரந்தரம் கிடையாது என்று 2001-இல் செயில் (ஸ்டீல் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காண்ட்ராக்டே வெறும் கண்துடைப்பு என்று காட்டினால்தான் வழி. "அது வருசக்கணக்கா இழுக்கும். முதல்ல காசை வாங்கு."

வீட்டில் தேடினால் நாலு மாதச் சீட்டுதான் கிடைத்தது. காப்பாற்றியது கேட் பாஸ். மேலே ஆலையின் பெயர் அச்சில். கீழே காண்ட்ராக்டர் பெயர் பேனாவில், வியர்வையில் பாதி அழிந்திருந்தது. பின்பக்கம் மாதத்துக்கு ஒரு செக்யூரிட்டி சீல். ஏழும் இருந்தன.

மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். முகாம் நடக்கும். மனுவோடு போனேன். காண்ட்ராக்டர் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். "ஆலை பேரையும் எழுதுங்க" என்று அங்கிருந்தவர் பேனாவை நீட்டினார். அந்த ஒரு வரியில்தான் காரியம் நடந்தது என்பேன்.

ஐந்து மாதம் ஆனது. அதுவரை எனக்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் விழுந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் பாஸ்புக்கில் ஏழு வரி வந்தது. ஒவ்வொன்றிலும் என் பங்கு 1,200; முதலாளி பங்கு 367; பென்ஷனுக்கு 833.

கூட்டிப் பெருக்கும் அக்கா மறுநாளே தன் கேட் பாஸைக் கொண்டுவந்தார். மூன்று சீல்தான் தெரிந்தது. அடுத்த 27-ஆம் தேதி அவரோடு நானும் பஸ் ஏறினேன்.