பத்தாம் திகதி ராத்திரி எட்டரை மணி

மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு சாரி ஜாக்கெட் தைக்கிறேன். லயத்து இஸ்தோப்பில்தான், அதாவது வரிசை வீட்டு முன் திண்ணையில்தான் மெஷின். 2021இல் பேஸ்புக் பேஜ் திறந்தேன். இப்போது முக்கால்வாசி ஓடர் அதிலும் வட்ஸ்அப்பிலும்தான் வருகிறது. "அக்கா, நாங்களும் பேஜ் தொறந்து வச்சிருக்கோம், ஒருத்தரும் வாங்குறாங்க இல்ல" என்று மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துத் தங்கச்சிமார் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் விளம்பரத்துக்கு 3000 ரூபா போட்டேன். எந்த இடம் என்று கேட்டதற்கு முழு இலங்கையையும் கொடுத்தேன். நிறையப் பேர் பார்த்தால் அதில் கொஞ்சப் பேராவது வாங்குவார்கள் என்ற நினைப்பு. ஐந்து நாளில் நானூறு லைக்குக்கு மேல் வந்தது. ஓடர் ஒன்றுகூட இல்லை. பேஸ்புக் விளம்பரத்தில் நமக்கு எது வேண்டும் என்று ஒரு கேள்வி வரும். லைக், கமென்ட் வேண்டும் என்று கொடுத்தால், எதைக் கண்டாலும் லைக் போடுகிறவர்களாகப் பார்த்துக் காட்டும். மெசேஜ் வேண்டும் என்று கொடுத்தால், எழுதிக் கேட்கக்கூடியவர்களிடம் கொண்டுபோகும். நான் கேட்டது லைக், வந்ததும் லைக்.

அந்தக் காசு போன கவலையில் ஒருநாள் ஓடர் கொப்பியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதுவரைக்கும் 31 ஓடர். அதில் 22 ஓடருக்குக் காசு அனுப்பியது கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள். துணிக்கடை, சாப்பாட்டுக்கடை, வீட்டு வேலை என்று இங்கிருந்து போனவர்கள். ஜாக்கெட் போடுகிறது அம்மா, பேஸ்புக் பார்க்கிறது மகள். நானோ அதுவரை அம்மாவைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் துணிக்கடையில் நிற்கிற ஒரு பிள்ளை அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. "அக்கா, அம்மாவுக்குத் தீவாளிக்கு ஒண்ணு தைக்கணும். வெலய மட்டும் அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. சொன்னா வேணாம்னுருவாங்க." நாள் பூரா அடுத்தவர்களுக்குச் சாரி விரித்துக் காட்டுகிற பிள்ளை. அதைக் கேட்டபிறகு யாரிடம் பேச வேண்டும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கே இப்படி எழுதிப் போட்டேன்:

"கொழும்புல வேல செய்ற பிள்ளைகளுக்கு. அம்மாவோட அளவு ஜாக்கெட் ஒண்ண வீட்டுல தம்பி தங்கச்சிகிட்ட குடுத்துவிடச் சொல்லுங்க. தீவாளிக்கு முந்தின கெழம தச்சு வீட்டுலயே கொண்டுபோய்க் குடுக்கிறேன். லைனிங்கோட 1800 ரூபா."

இந்த முறை விளம்பரத்தை முழு இலங்கைக்கும் போடவில்லை. வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் குறியை வைத்து, சுற்றிச் சில கிலோமீற்றர் மட்டும் கொடுத்தேன். செலவு 1500 ரூபா. அந்த ராத்திரியே 11 பேர் எழுதினார்கள். நாலு பேர் அழைத்தே பேசினார்கள். அதில் ஒரு பிள்ளை அம்மாவின் ஜாக்கெட்டைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு, "எங்க தோட்டத்துல மழையாக்கா?" என்று கேட்டது.

விலையை மறைக்காதீர்கள். 'விலைக்கு இன்பொக்ஸ்' என்று போட்டால் நம் ஆட்கள் கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுவார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் விடுவது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள் அவர்கள். இணையத்திலிருந்து எடுத்த மொடல் படமும் வேண்டாம். அதைக் காட்டினால் அதேபோல் வரும் என்றுதான் கேட்பார்கள். நான் தைத்ததைக் கொடியில் தொங்கவிட்டு, காலை வெயிலில் படம் எடுக்கிறேன். கைக்குழித் தையலும் ஹூக்கும் கிட்டத்தில் ஒரு படம்.

நேரம்தான் பெரிய விசயம். தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி, அட்வான்ஸ் 25ஆம் திகதி. கடைசிக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, தண்ணி பிடித்து, ராத்திரிச் சாப்பாட்டையும் ஆக்கி முடித்த பிறகுதான் ஒரு பொம்பளை போனைக் கையில் எடுப்பாள். கொழும்பில் கடைப் பிள்ளைகளும் ரூமுக்கு வந்து சேர அந்த நேரம் ஆகிவிடும். அதனால் 10ஆம் திகதி ராத்திரி எட்டரைக்குப் போடுவேன். பகல் பதினொரு மணிக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள்தான் பார்த்தார்கள். வரட்சியில் கொழுந்து குறைந்து, முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழாத மாசத்தில் 'இன்றே கடைசி நாள்' என்று அவசரப்படுத்துகிற மாதிரி எதுவும் எழுதுவதில்லை. அந்த மாசம் எங்கள் லயத்தில் எத்தனை வீட்டில் கடை பாக்கி என்று எனக்குத் தெரியும்.

இனி, நான் செய்த பெரிய பிழை. ஒரு பெரியம்மா புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தது. படம் எடுத்து, கேட்காமலே பேஜில் போட்டுவிட்டேன். எனக்கு அதுவரை கிடைக்காத அளவு லைக் வந்தது. மூன்றாம் நாள் பெரியம்மா வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "மலைக்கு வாற வெள்ளக்காரந்தான் கேக்காம படம் புடிக்கிறான்னு பாத்தா, நீயுமா?" என்றார்.

நான் அழுதுவிட்டேன். தேயிலைப் பெட்டியில், ஹோட்டல் சுவரில், சுற்றுலாப் புத்தகத்தில் எத்தனை காலமாகக் கூடையோடு நிற்கிற நம் பொம்பளைகளின் படம்! ஒன்றிலாவது பெயர் இருக்கிறதா? 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் கண்டிப் பக்கம் லூல்கந்துரையில் வியாபாரத்துக்கு முதல்முதல் தேயிலை போட்டார் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே முதல் கொழுந்தைப் பறித்தவளின் பெயர் யாருக்குத் தெரியும்? படத்தை அழித்தேன். பெரியம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இப்போது முகம் தெரிகிற படம் என்றால் முதலில் அவர்களிடமே காட்டி, சரி என்றால் மட்டும் போடுவேன். பெயர் போடலாமா என்றும் கேட்பேன். போடச் சொன்னவர்களின் பதிவுக்குத்தான் அவர்கள் தோட்டத்திலிருந்து அடுத்தடுத்த ஓடர் வருகிறது.

வட்ஸ்அப்பில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மெசேஜைப் பலருக்கும் ஒரே தடவையில் அனுப்புகிற புரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் பண்ணி வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்த மெசேஜ் போகும். நான் ஆறு மாசம் இது தெரியாமல் அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு பார்சலிலும் ஒரு துண்டு வைக்கிறேன்: "டெய்லரக்கா என்று சேவ் பண்ணுங்க." வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு, கொடுக்கும்போதே பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் போனில் போடச் சொல்வேன். அவர்களுக்கு எழுதி அனுப்புவதில்லை, பேசித்தான் அனுப்புவேன்.

நம்பர்களைக் கொப்பியிலும் எழுதி வையுங்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாம் நாடு முழுக்க முடக்கப்பட்டபோது, சித்திரை வருசத்துக்கு இன்னும் பதினொரு நாள். தைத்து முடித்த ஒன்பது ஜாக்கெட் கையில், யாரையும் பிடிக்க வழியில்லை. பின்னேரம் சரியாகிவிட்டது. அன்று ராத்திரியே நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் எல்லா நம்பரையும் எழுதினேன்.

இன்று 9ஆம் திகதி. நாளைக்குப் போட நாலு படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்று அந்தப் பெரியம்மாவுடையது. போன கிழமை அவரே வந்து, "இந்தச் செவப்புல எடு, பேரும் போடு" என்றார். முகம் தெரிய, பெயரோடு போடுகிறேன்.