500 யூனிட் கோடு

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

சிலிண்டர் விலை இன்று முதல் 50 ரூபாய் கூடிவிட்டது. சென்னையில் 818.50 ஆக இருந்தது 868.50. திருச்சியில் எங்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். பால் வாங்கப் போன இடத்திலும் அதே பேச்சு, பள்ளி அலுவலகத்திலும் அதே பேச்சு. செய்தியைக் கேட்டதும் அத்தை, "இனிமே ராத்திரிக்கு அடுப்பே பத்த வைக்க வேணாம்மா, மோர் சாதம் போதும்" என்று அறிவித்துவிட்டார்.

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 14.2 கிலோ சிலிண்டர் எங்கள் ஐந்து பேருக்கு ஒன்றரை மாதம் வரும். அப்படியானால் இந்த ஏற்றம் மாதத்துக்கு 33 ரூபாய். எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் இதற்காகப் பிள்ளைகளின் இரவு தோசையை நிறுத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. விலை ஏறினால் ஊரே பேசும் செலவு ஒரு ரகம், யாரும் பேசாமலே மாதாமாதம் போகிற செலவு இன்னொரு ரகம். இந்தக் கோடை முழுக்க இரண்டாவதைத்தான் துரத்தப் போகிறேன். பார்த்ததை இங்கே தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ரீடிங் எடுத்துப் போனார்கள். இரண்டு மாதத்துக்கு 546 யூனிட், 2,426 ரூபாய்.

தமிழ்நாட்டில் கரண்ட் பில்லைப் புரிந்துகொள்ள 500 என்ற எண்ணைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 500-க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய்தான், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. கூட்டினால் 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த 2.35 சலுகையே போய்விடும், 101-லிருந்தே 4.70 என்று கணக்குத் திரும்ப ஆரம்பிக்கும். 501-வது யூனிட்டின் விலை 8.40 அல்ல, 243 ரூபாய்.

எங்கள் 546-ல் கோட்டுக்கு மேலே போன 46 யூனிட்டுக்கு மட்டும் 621 ரூபாய் கட்டியிருக்கிறோம். என் கணவரிடம் காட்டினேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஒரு யூனிட் பதிமூணரை ரூபாயா?" என்று கேட்டார். அவர் செய்தித்தாளை மடித்து வைப்பது சாதாரண விஷயமில்லை.

வாடகைக்கு இருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். உள்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் வாங்கினால் 100 இலவசமும் கிடையாது, கோடும் கிடையாது. எங்களுக்குச் சொந்த வீடு, தனி இணைப்பு. அது ஒரு கொடுப்பினை.

போன வருடம் இதே ஏப்ரல்-ஜூன் பில்லைத் தேடி எடுத்தேன்: 712 யூனிட், 3,758 ரூபாய். அது 2024 ஜூலையில் கட்டணம் ஏறுவதற்கு முந்தைய கணக்கு. அதே 712 இப்போது ஓடினால் 3,938. வெயில் காலத்தில் 500-க்குள் நிற்பது எங்களால் ஆகாது என்று இப்போதே தெரிகிறது. ஆனால் 600-ஐத் தாண்டினால் யூனிட் 9.45. அந்தக் கோட்டையாவது தொடாமல் இருக்கலாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் எத்தனை முறை மின்னினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையதில் 3200. இதைக் கண்டுபிடித்தது ஒன்பதாம் வகுப்புக்காரி. அறிவியல் பாடம் முதல் தடவையாக வீட்டுக்குப் பயன்பட்டது.

நேற்று இரவு எல்லாரும் படுத்த பிறகு ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்தோம். ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினோம். அவள் ஃபோனில் விநாடிகளை எண்ண, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விளக்கு நின்றுவிடும் என்று நினைத்தேன். 25 விநாடிக்கு ஒரு தடவை மின்னியது. அதாவது எதுவுமே ஓடாத வீட்டில் 45 வாட் ஓடுகிறது. ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாதத்துக்கு 65 யூனிட். கோட்டுக்கு மேலே போன 46-ஐ விட அதிகம்!

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடினோம். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் சூடாகவே இருக்கிறது. வைஃபை பெட்டி ஒன்று. ஆனால் பெரிய ஆள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த இன்வர்ட்டர். 2012-ல் மின்வெட்டு உயிரை வாங்கிய நாட்களில் கடன் சொல்லி வாங்கியது. அப்போது அது இல்லாவிட்டால் கைக்குழந்தையோடு தூங்கியிருக்க முடியாது. இப்போது மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துகிறார்கள், அதுவும் பகலில். ஆனால் இன்வர்ட்டர் மட்டும் பழைய விசுவாசத்தோடு 24 மணி நேரமும் பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது. அதன் பிளக்கைப் பிடுங்கியதும் விளக்கு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மின்னியது.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சார்ஜ் இல்லாமல் நீண்ட நாள் போட்டால் பேட்டரி செத்துவிடும் என்றார். அது உண்மைதான். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, டிஸ்டில்டு வாட்டர் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவது என்று முடிவானது. அந்தப் பொறுப்பு அவருக்கு.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம். வேப்பம்பூ பக்கத்துக் காலி மனையில் இருக்கும் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பொறுக்கியது. மீதி மொட்டை மாடியில் காய்கிறது. ஒரு டப்பா வருடம் முழுக்க வரும். கடையில் 50 கிராம் பாக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு அத்தை ரொம்ப நேரம் சிரித்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வருடச் சாமான் வேலை. புளி வாங்கிக் கொட்டை எடுத்து, கல் உப்புச் சேர்த்து உருட்டி ஜாடியில் அடைத்தாயிற்று. பங்குனி, சித்திரையில் புதுப்புளி வரும்போது வாங்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் விலையும் ஏறும், நிறமும் கறுக்கும். மிளகாயும் மல்லியும் காயவைத்து மில்லில் அரைத்தோம். பாக்கெட் தூளோடு ஒப்பிட்டால் மிச்சம் பெரிய தொகை ஒன்றும் இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது, அதற்காகத்தான் இது.

இனி கேஸ். முதல் நாளே பேசி முடித்த விஷயம் என்றாலும் அத்தை விடவில்லை. "அவ்வளவு கரண்ட் கணக்குப் பாக்குறியே, அடுப்பையும் பாரேன்" என்றார். நியாயம். சிலிண்டர் மாற்றும் நாளைச் சாக்பீஸால் அதன் மேலேயே எழுதி வைப்பது அவர் பழக்கம்தான். கேஸைப் பொறுத்தவரை அதைவிட நல்ல கணக்கு நோட்டு கிடையாது. பருப்பை ஊறவைத்தால் விசில் குறைகிறது. பருப்பும் காயும் குக்கரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தடவையில் வெந்துவிடுகின்றன. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். முழுத் தீயில் வைத்தால் கூடுதல் தீ ஆவியாகத்தான் போகிறது. பர்னரில் மஞ்சள் தீ தெரிந்தால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பழைய டூத் பிரஷ்ஷும் ஊசியும் போதும்.

சாதத்தில் மட்டும் சமரசம் இல்லை. வடித்த சாதம்தான். குக்கர் சாதம் வயிற்றில் கல்லாட்டம் நிற்கிறதாம். சரி, அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து மூடி போட்டு வேகவைக்கலாம் என்பதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. வடித்த கஞ்சி என் காட்டன் புடவைக்குப் போகிறது. அதனால் எனக்கும் அதிகம் வாதாட வாய்ப்பில்லை.

ஏப்ரல் 30, புதன்

அட்சய திருதியை. பவுன் 70,000-க்கு மேல். பெரிய கடைவீதிப் பக்கம் கால் வைக்க இடமில்லையாம். நாங்கள் போகவில்லை.

மிச்சப்படுத்துவதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. கரண்டில் 600 ரூபாய் மிச்சம் என்றால் அந்த 600 எங்கே இருக்கிறது? தனியாக எடுத்து வைக்காவிட்டால் அது எங்கேயும் இல்லை, அடுத்த வாரம் புரோட்டாவாக மாறியிருக்கும். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஆர்.டி. போடலாம், ஐந்து வருடம், இப்போதைய வட்டி 6.7 சதவீதம். மகளுக்குச் சின்ன வயதிலேயே செல்வமகள் கணக்கு தொடங்கியிருந்தோம், அதில் இப்போது 8.2. பத்து வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதால் பெண் குழந்தை இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது. இன்று மதிய இடைவேளையில் போய் அதில் 1,000 ரூபாய் போட்டுவிட்டு வந்தேன். அத்தைக்கு ஒரு குண்டுமணி அளவாவது தங்கம் வாங்கவில்லையே என்று வருத்தம். மாலை உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வந்து சாமி முன்னால் வைத்தார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது, 28 வரை. ஹாலிலும் படுக்கை அறையிலும் ஃபேன் மாற்றினோம். பழையது 75 வாட், புது பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். ஒன்று 2,900 ரூபாய். ஹால் ஃபேன் எங்கள் வீட்டில் தினம் 16 மணி நேரம் சுற்றும். 45 வாட் குறைந்தால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். 500-க்கு மேலே இருக்கும் யூனிட்டாக எடுத்தால் 360 ரூபாய். ஒன்றரை வருடத்துக்குள் போட்ட பணம் திரும்பிவிடும். குறைவாக ஓடும் சமையலறை ஃபேனை மாற்றவில்லை. அதற்குப் போடும் பணம் சீக்கிரம் திரும்பாது.

ஏசி ஒரே அறையில்தான். மே மாதம் எல்லோரும் அங்கேயே பாய் விரித்துப் படுக்கிறோம். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மின் சிக்கனத்துக்கான மத்திய அமைப்பே சொல்கிறது. 26-ல் வைத்து ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டோம். மூன்று மணிக்கு அணைந்துவிடும்படி டைமர். சின்னவன் "வேர்க்குதும்மா" என்று எழுந்தால் ஜன்னலைத் திறந்துவிடுவேன். அந்த நேரத்தில் காவிரிக் காற்று கொஞ்சம் வரும்.

மே 11, ஞாயிறு

மாடியில் கூழ் வடகம். காக்காய் விரட்டும் வேலை சின்னவனுக்கு, சம்பளம் இரண்டு ஐஸ்.

நிழலில் உட்கார்ந்து, வேலைக்கு ஆகாத யோசனைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இரவில் ஃபிரிட்ஜை அணைப்பது அதில் முதலாவது. திருச்சி வெயிலில் காலைக்குள் பால் திரிந்துவிடும், உள்ளே ஏறிய சூட்டை இறக்க மோட்டார் கூடுதலாக ஓட வேண்டும். கதவு ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று ஒரு பத்து ரூபாய்த் தாளை இடுக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பது அதைவிடப் பயன். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் மாற்ற வேண்டும். அடுத்தது, தக்காளி இரண்டு ரூபாய் குறைவு என்று வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு அந்தப் பக்கம் போவது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். தென்னூர் உழவர் சந்தை எங்களுக்கு நடக்கும் தூரம், அதனால் போகிறோம். இப்போது முருங்கைக்காய் மலிவு, வாரத்தில் நாலு நாள் முருங்கைக்காய். பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் பரிமாற வேண்டியிருக்கிறது.

பெரிய பாட்டில் வாங்கினால் எப்போதும் லாபம் என்பதும் சரியில்லை. எங்கள் தெருக் கடையில் ஷாம்பு பாட்டிலையும் சாஷேயையும் மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சாஷேதான் மலிவு. பாட்டில் இருந்தால் கை தாராளமாகவும் ஊற்றும்.

மே 22, வியாழன்

ரேஷன் கடையில் பருப்பு வந்திருக்கிறது என்று எதிர் வீட்டு அக்கா குரல் கொடுத்தார். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வெளியில் பருப்பு இதைப் போல மூன்று நாலு மடங்கு. இலவச அரிசியில் புழுங்கலை இட்லிக்கு வைத்துக்கொள்கிறோம், கடை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி. மாவு நன்றாகவே பொங்குகிறது. ரேஷன் கடைக்குப் பை எடுத்துக்கொண்டு போகக் கூச்சப்படுபவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள்தான் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியதற்கு அதிகம் புலம்பியவர்கள்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. போன வருட நோட்டுகளில் மிஞ்சிய தாள்களைப் பிரித்துத் தைத்து மூன்று ரஃப் நோட்டு. சீருடைக்கு மடிப்பு இறக்கித் தைத்தது போதும். ஷூ மட்டும் புதிது. வேறு எழுத நேரமில்லை.

ஜூன் 12, வியாழன்

ரீடிங் வந்துவிட்டது. 588 யூனிட், 2,779 ரூபாய். போன வருடத்தைவிட 124 யூனிட் குறைவு. 600-ஐத் தொடவில்லை, 500-க்கு இன்னும் 88 பாக்கி. இன்றைய கட்டணத்தில் 712 ஓடியிருந்தால் வந்திருக்கும் பில்லோடு ஒப்பிட்டால் 1,159 ரூபாய் மிச்சம். 1,100-ஐ ஆர்.டி.க்கு எடுத்து வைத்தேன், மீதியைச் சின்னவன் ஐஸ் பாக்கி என்று வாங்கிக்கொண்டான்.

ஆகஸ்ட் கணக்கில் ஏசி பெரும்பாலும் ஓடாது, புது ஃபேன் இரண்டு மாதமும் முழுதாக ஓடும். 450 பக்கம் நிற்கும் என்பது மகளின் கணிப்பு. அத்தை அதை நம்பவில்லை. ஆடியில் மாவரைக்க கிரைண்டர் கூட ஓடும், விருந்தாளி வருவார்கள், 500-ஐத் தாண்டும் என்கிறார். தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும் என்று இருவருக்கும் பந்தயம். என் கணவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, இன்வர்ட்டருக்கு இன்று சார்ஜ் ஏற்றும் நாள் என்று எழுந்து போய்விட்டார்.