ஒரு சம்பளம் நின்ற பிறகு எங்கள் வீட்டுக் கணக்கு

அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருள்களுக்கு 25 விழுக்காடும், ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடும் கூடுதல் வரி விதித்தபோது, திருப்பூரில் அதை யாரும் வெளிநாட்டுச் செய்தியாகப் படிக்கவில்லை. எந்த பையர் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார், எந்த கம்பெனியில் ஒரு ஷிப்ட் குறைந்திருக்கிறது என்பதே டீக்கடையிலும் பஸ்ஸிலும் பேச்சாக இருந்தது. என் கணவர் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் அமெரிக்க ஆர்டர்களைக் கவனித்துக்கொண்ட மெர்ச்சண்டைசர். ஆர்டர் இல்லாத பிரிவுக்கு ஆள் தேவையில்லை என்று ஆகி, ஒரு மாத நோட்டீஸ் சம்பளத்துடன் அவரை ஆகஸ்ட் இறுதியில் அனுப்பிவிட்டார்கள். மாதம் 46,000 ரூபாய் நின்றது. தனியார் பள்ளியில் ஆசிரியையாக நான் வாங்கும் 15,000 ரூபாய் மட்டும் மிஞ்சியது. வீட்டில் நாங்கள் இருவர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு படிக்கும் மகன், என் மாமியார் என ஐந்து பேர்.

இப்படி ஒரு நிலை வந்ததும் எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை, செலவைக் குறை என்பதுதான். பாலைக் குறை, காய்கறியைக் குறை, கேபிளை நிறுத்து என்று அது உடனே சமையலறைக்குள் நுழைந்துவிடும். நானும் கணவரும் ஒரு நோட்டில் மாதச் செலவு முழுவதையும் எழுதிப் பார்த்தபோது, பாரம் வேறு இடத்தில் இருப்பது தெரிந்தது. மளிகை, பால், காய்கறி, எரிவாயு எல்லாம் சேர்ந்து 15,600 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 17,250, ஏலச்சீட்டு 5,000, பைக் கடன் 3,200, எல்ஐசி பிரீமியம் மாதக் கணக்கில் 2,500 என, யாருக்கோ கட்ட வேண்டிய தவணைகள் மட்டும் ஏறத்தாழ 28,000 ரூபாய். பாலில் அரை லிட்டரைக் குறைத்தால் மாதம் 800 ரூபாய் மிஞ்சலாம். ஆனால் பிள்ளைகள் அதைத் தினமும் உணர்வார்கள். தவணைகளில் ஒன்றைச் சரிசெய்தால் அதைவிடப் பெரிய தொகை மிஞ்சும், வீட்டில் யார் வயிற்றிலும் அது தெரியாது. ஆகவே, தவணைகளை எல்லாம் ஒரு முறை பார்த்து முடிக்கும் வரை உணவில் கைவைப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

வீட்டுக் கடனில் தொடங்கினோம். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தை 6.50 விழுக்காட்டிலிருந்து 5.50 விழுக்காட்டுக்குக் குறைத்திருந்தது. எங்கள் கடன் அதனுடன் இணைந்த மாறும் வட்டிக் கடன் என்பதால், எங்களுக்கும் 9 விழுக்காடு 8 ஆகியிருந்தது. ஆனால் தவணைத் தொகை குறையவில்லை. வட்டி குறையும்போது தவணையை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தைச் சுருக்குவது வங்கிகளின் பொதுவான வழக்கம். அதன்படி 15 ஆண்டில் முடிய வேண்டிய எங்கள் கடன் சுமார் பதின்மூன்றரை ஆண்டில் முடிவதாக ஆகியிருந்தது. சம்பளம் வரும் காலத்தில் அது நல்லதுதான். எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது கையில் நிற்கும் பணம் என்பதால், காலத்தைப் பழையபடி வைத்துத் தவணையைக் குறைக்கும்படி எழுத்தில் விண்ணப்பித்தோம். 17 லட்சம் ரூபாய் நிலுவைக்குத் தவணை 16,250 ரூபாயாக இறங்கியது. காலத்தை 20 ஆண்டாக நீட்டினால் தவணை 14,200 ரூபாய் அளவுக்கு வரும் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். அப்படிச் செய்தால் மொத்தத்தில் ஏறத்தாழ 4,90,000 ரூபாய் கூடுதல் வட்டி கட்ட வேண்டியிருக்கும். சில மாத நெருக்கடிக்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க எங்களுக்கு மனமில்லை. வேறு வழியே இல்லாத குடும்பம் அதையும் செய்யத்தான் வேண்டும். தவணையைத் தவறவிடுவதை விட அது எவ்வளவோ மேல்.

சீட்டு விஷயம் இன்னும் யோசிக்க வேண்டியதாக இருந்தது. 20 மாதச் சீட்டில் 12 மாதம் கட்டியிருந்தோம், எடுக்கவில்லை. கட்டுவதை நிறுத்திவிட்டால் கட்டிய பணம் உடனே திரும்பி வராது. எடுத்துவிட்டால் மீதி மாதங்களைத் தவறாமல் கட்ட வேண்டும், ஜாமீனும் தர வேண்டும். தீபாவளி நெருங்கினால் ஏலத்தில் கேட்பவர்கள் கூடி, எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி ஏறிவிடும் என்பதால், அதற்கு முன்பே பதின்மூன்றாம் மாத ஏலத்தில் கேட்டு எடுத்தோம். ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டில் 92,000 ரூபாய் கைக்கு வந்தது. அதில் 26,000 ரூபாயில், முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணத்தையும் சேர்த்து, பைக் கடனை முடித்தோம். எஞ்சிய ஏழு மாதச் சீட்டுத் தவணைக்கு 35,000 ரூபாயைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்தோம். மீதி 31,000 ரூபாய் குடும்பச் செலவுக்கு நின்றது. இந்த ஒரு காரியத்தால் மாதம் 8,200 ரூபாய்த் தவணை எங்கள் கணக்கிலிருந்து மறைந்தது. புதிதாக ஒரு கடனும் வாங்கவில்லை.

உறவில் ஒருவர், பிஎஃப் பணத்தை எல்லாம் எடுத்து வீட்டுக் கடனில் கட்டிவிட்டால் நிம்மதி என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதை நாங்கள் ஏற்காததற்குக் காரணம் உண்டு. பிஎஃப் இருப்புக்கு 2024-25இல் 8.25 விழுக்காடு வட்டி கிடைத்தது. வீட்டுக் கடனுக்கு நாங்கள் அப்போது கட்டியது 8. அதைவிட முக்கியமானது, கடனில் கட்டிய பணத்தை அடுத்த மாத அரிசிக்குத் திரும்பக் கேட்க முடியாது. அப்போதிருந்த விதிப்படி வேலை போய் ஒரு மாதம் ஆனதும் இருப்பில் 75 விழுக்காடு வரை எடுக்கலாம் என்றாலும், 60,000 ரூபாய் மட்டுமே எடுத்தோம். ஐந்து ஆண்டு தொடர் பணி முடியாதவர்கள் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரி பிடித்தம் வரக்கூடும். பழைய நிறுவனத்துக் கணக்கைப் புதியதோடு சேர்த்திருந்தால் பழைய ஆண்டுகளும் கணக்கில் வரும் என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கணவருடன் வேலையிழந்த டெய்லர்களிலும் செக்கிங் பெண்களிலும் பலருக்கு இது தெரியாமலே இருந்தது. மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் வாங்கி இஎஸ்ஐ பிடித்தம் இருந்தவர்கள், 2025இல் இருந்த தகுதி விதிகளுக்கு உட்பட்டு, அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் தங்கள் சராசரி நாள் ஊதியத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாளுக்குப் பெற முடிந்தது. என் கணவரின் சம்பளம் அந்த வரம்புக்கு மேலே இருந்ததால் எங்களுக்கு அது இல்லை. தகுதி உள்ளவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அது அவர்கள் ஊதியத்தில் பிடித்த பணமும் நிறுவனம் கட்டிய பங்கும் சேர்ந்து நடக்கும் காப்பீடு.

நகையை அடகு வைக்கும் பேச்சும் வந்தது. அந்த அக்டோபரில் ஒரு சவரன் 90,000 ரூபாயைத் தாண்டியிருந்ததால், முன்பு கிடைத்ததைவிட மிக அதிகமாகக் கடன் தரத் தயாராக இருந்தார்கள். அதிகம் கிடைக்கிறது என்பதற்காக அதிகம் வாங்கினால் வட்டியும் அதற்கேற்ப ஏறும் என்பதால், நகையைக் கடைசி வரிசையில் வைத்தோம். ஆனாலும் தெரிந்தவர்களிடம் மீட்டர் வட்டிக்கோ வார வட்டிக்கோ போகும் நிலை வந்தால், அதற்கு முன் நகை வங்கிக்குப் போகட்டும் என்பதிலும் உறுதியாக இருந்தோம். எல்ஐசி பிரீமியத்தை நிறுத்தவில்லை. காலாண்டுத் தவணைக்கு இருக்கும் 30 நாள் சலுகைக் காலத்துக்குள் கட்டினோம்.

செலவைக் குறைக்கும் கணக்கில் ஒரு புதிய செலவையும் சேர்த்தோம். நிறுவனம் எடுத்திருந்த குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிட்டது. ஒரே ஒரு முறை மருத்துவமனையில் சேர்ந்தாலும் இதுவரை சேர்த்தது எல்லாம் போய்விடும் என்பதால், சொந்தமாகக் காப்பீடு எடுத்தோம். தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது ஓரளவு உதவியது. அதற்கு மாதம் 1,900 ரூபாய் ஒதுக்குகிறோம்.

இனி வீட்டுக்குள் நடந்தது. என் மாமியாருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, மாத்திரைக்கு மாதம் 2,400 ரூபாய் ஆகும். செப்டம்பர் பாதியில் அவருடைய மாத்திரை டப்பாவைத் துடைத்து அடுக்கியபோது, தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதிக்கு மேல் மாத்திரை இருந்தது. இன்னொரு அட்டையில் மாத்திரைகளைக் கத்தியால் இரண்டாக வெட்டி வைத்திருந்தார். ஏன் அத்தை என்று கேட்டதற்கு, "ரெண்டு நாளைக்கு ஒருக்காப் போட்டாப் போதுங் கண்ணு, எனக்கு ஒண்ணும் பண்ணாது, புள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டோணுமல்ல" என்றார். வருமானம் நின்ற வீட்டில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். கணக்கு வெளிப்படையாக இல்லாவிட்டால், ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு கணக்குப் போட்டு, தனக்கு வேண்டியதைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் முதியவர்களும் பெண்பிள்ளைகளும்தான் முந்திக்கொள்கிறார்கள். அன்று மாலையே மாமியாரையும் பிள்ளைகளையும் உட்கார வைத்து நோட்டை விரித்து, வரவையும் செலவையும் வரி வரியாகப் படித்துக் காட்டினோம். முதல் பக்கத்தில் எதையெல்லாம் குறைக்கப்போவதில்லை என்று எழுதினோம்: அத்தையின் மாத்திரை, பால், வாரம் இரண்டு நாள் முட்டை, மகளின் பத்தாம் வகுப்புக்கு வேண்டியவை. யாரும் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது, நிறுத்துவதானால் ஐந்து பேரும் பேசித்தான் என்று சொன்னோம்.

மாத்திரையை நிறுத்தாமல் அதன் செலவைக் குறைக்கவும் வழி இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிவு செய்ததும், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான மாத்திரைகள் இலவசமாகக் கிடைத்தன. கிடைக்காத இரண்டை, மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகு, முதல்வர் மருந்தகத்தில் வாங்குகிறோம். இப்போது மொத்தம் 900 ரூபாய்தான் ஆகிறது. சர்க்கரை அளவு மாறவில்லை என்பதை மருத்துவர் பார்த்து உறுதி செய்திருக்கிறார்.

உணவில் செய்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். குடும்ப அட்டைக்குக் கிடைக்கும் விலையில்லா அரிசி, 30 ரூபாய்த் துவரம்பருப்பு, 25 ரூபாய்ப் பாமாயில் மூன்றையும் மாதாமாதம் தவறாமல் வாங்குகிறோம். ரேஷன் புழுங்கல் அரிசியை நான்கைந்து முறை நன்றாகக் கழுவி, கடை இட்லி அரிசியோடு சரிபாதி கலந்து, ஒரு பிடி வெந்தயத்தோடு ஊறவைத்து ஆட்டினால் இட்லி மிருதுவாகவே வருகிறது. அத்தையின் கைப்பக்குவம் அது. காய்கறிக்கு உழவர் சந்தை. நான் பள்ளிக்குப் போவது கட்டணமில்லா நகரப் பேருந்தில். மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குரிய சலுகை விலையும் கைவிட்டுப் போகும் என்பதால், மகன் ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுகிறான். பள்ளி வேனை நிறுத்தியதில் 1,800 ரூபாய் மிஞ்சியது.

மொய் விஷயத்தைக் கணக்கில் எழுதத் தயங்குபவர்கள் அதிகம். எங்கள் பக்கத்தில் அதுவும் கடன்தான். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு வந்த பத்திரிகைகளை எங்கள் புதுமனை புகுவிழா மொய் நோட்டோடு வைத்துப் பார்த்து, அவரவர் எழுதியதை அப்படியே திருப்பி எழுதினோம், மேலே ஒரு ரூபாய் சேர்க்கவில்லை. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி எடுத்தோம். போனஸ் வராத தீபாவளி திருப்பூரில் எத்தனையோ வீடுகளில் நடந்தது என்பதால், அதைப் பிள்ளைகளுக்கு விளக்குவதும் கடினமாக இல்லை.

இவ்வளவும் செய்த பிறகு மாதச் செலவு 56,700 ரூபாயிலிருந்து 41,750 ரூபாய்க்கு வந்தது. என் சம்பளம் போக மாதம் 26,750 ரூபாய் துண்டு விழுந்தது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதத்துக்கு 1,07,000 ரூபாய். நோட்டீஸ் சம்பளம் 46,000, சீட்டில் நின்ற 31,000, பிஎஃப் பணத்தில் 30,000 என்று அது சரியாகப் போயிற்று. ஜனவரியில் கணவர் உள்நாட்டு ஆர்டர் செய்யும் ஒரு சிறிய யூனிட்டில் 22,000 ரூபாய்க்குச் சேர்ந்தார். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை என்று சிலர் தடுத்தார்கள். துண்டு 4,750 ரூபாயாகச் சுருங்கியதை மட்டும் நாங்கள் பார்த்தோம். பிஎஃப் பணத்தில் மீதமுள்ள 30,000 அதை ஜூன் வரை தாங்கும். சீட்டுத் தவணை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஜூனில் மகள் பதினோராம் வகுப்புக்குப் போகிறாள். இப்போதைய பள்ளியிலேயே தொடர்ந்தால் ஆகும் கட்டணத்தையும், வீட்டுக்கு அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தால் ஆகும் செலவையும் அவளே விசாரித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு பள்ளிகளிலும் அவள் விரும்பும் கணினி அறிவியல் பிரிவு இருக்கிறது. தேர்வு முடிந்ததும் இரண்டு பள்ளிகளுக்கும் அவளை அழைத்துப்போய் ஆசிரியர்களிடம் பேசிவிட்டு வருவதாக இருக்கிறோம்.