நெருஞ்சில் முளைக்கிற இடம்

கடலூருக்கு மேற்கே, செம்மண் மேட்டில் இருக்கும் ஒரு நாட்டு மர நாற்றங்காலில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். விதை பொறுக்குவது, பை போட்டு நாற்று வளர்ப்பது, கேட்கிறவர்களுக்கு நட்டுக் கொடுத்து இரண்டு கோடை தாண்டும்வரை தண்ணீர் காட்டுவது, இதுதான் தொழில். பள்ளிக்கூடம், கோயில், ஊராட்சி, தொழிற்சாலை என்று எல்லாப் பக்கமிருந்தும் கூப்பிடுவார்கள். போனில் முதலில் வருகிற பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "சும்மா கிடக்குற இடம் சார். ஒண்ணுமே இல்ல. காடா மாத்திக் குடுத்துடுங்க."

குழி எடுப்பதற்கு முன்னால் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதிக் கொண்டுவருவது என் பொறுப்பு. என்ன மண், தண்ணீர் எங்கே நிற்கும், ஏற்கெனவே என்ன முளைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் வரும். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் போனால் நல்லது. முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பாத செடிகளுக்கு மேலே, தரையை ஒட்டியே, நகத்தளவு நீலப் பட்டாம்பூச்சிகள் சுற்றிக்கொண்டிருக்கும். நின்று பார்த்தால் தெரியாது. குத்தவைத்து உட்கார வேண்டும்.

நம் பக்கம் அதிகமாகக் கண்ணில் படுவது டார்க் கிராஸ் புளூ. நெருஞ்சில், முள்ளுக்கீரை, குப்பைக்கீரை இருக்கும் தரையில் அதுவும் இருக்கும். ஆண் இறக்கையை விரித்தால் நீலம், மூடினால் சாம்பல் நிறத்தில் கறுப்புப் புள்ளிகள். பெண்ணின் மேல்புறம் பழுப்பு, அதில் நீலம் லேசாகத்தான் இருக்கும். நெருஞ்சில் கொடியின் மேல் பெண் இறங்கி, கொஞ்சம் நடந்து, வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடும். முட்டை வெள்ளையாக, தட்டையாக, கடுகில் பாதிகூட வராமல் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேலெல்லாம் கட்டம் கட்டமாக மேடு பள்ளம் தெரியும். என் கண் முன்னால் அது முட்டை வைத்த கொடியை அடுத்த வாரம் ஜேசிபி வழித்துக்கொண்டு போவது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் மனசு ஆறுவதில்லை.

கிராஸ் ஜுவல் இதைவிடச் சின்னது. இந்தியாவின் மிகச் சிறிய பட்டாம்பூச்சிகளில் ஒன்று. இறக்கையை முழுக்க விரித்தாலும் இரண்டு சென்டிமீட்டர் வந்தால் பெரிது. தரையோடு படரும் அவுரி இனச் செடிகளை நம்பி வாழ்கிறது. பின்னிறக்கை ஓரத்தில் ஆரஞ்சு வளையத்துக்குள் கரும்புள்ளிகள், அந்தக் கறுப்பில் ஒரு மினுக்கம். முதல்முறை பார்க்கிறவர்கள் இது குஞ்சு, இன்னும் வளரும் என்று நினைப்பார்கள். பட்டாம்பூச்சி கூட்டைவிட்டு வந்த பிறகு வளர்வதில்லை. அதன் அளவே அவ்வளவுதான்.

பட்டாம்பூச்சி பார்க்கிறவர்கள் இந்தக் குடும்பத்தை நீலன்கள் என்கிறார்கள். உலகம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இவற்றில் பலவற்றின் புழுக்களுக்கு எறும்போடு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. புழுவின் முதுகில், பின்பக்கம், இனிப்பான நீர் சுரக்கும் உறுப்பு ஒன்று இருக்கும். எறும்பு உணர்கொம்பால் தட்டித் தட்டி அந்த நீரை வாங்கிக் குடிக்கும். பதிலுக்குக் குளவியும் சிலந்தியும் அண்டாமல் காவல் நிற்கும். இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரியில் வீட்டு வாசலில் சைக்கஸ் என்ற அலங்காரச் செடி வைத்திருப்பவர்கள் அது குருத்து விடும் சமயத்தில் உற்றுப் பார்க்கலாம். பிளெயின்ஸ் க்யூபிட் என்ற நீலன் அந்த இளம் குருத்தில்தான் முட்டை வைக்கும். புழுக்களைச் சுற்றி எறும்புகள் மொய்த்தபடி இருக்கும். "குருத்தெல்லாம் அரிச்சுப் போச்சு, மருந்து சொல்லுங்க" என்று எங்களிடம் வருகிறவர்களிடம், மருந்து வேண்டாம், அடுத்த குருத்து நன்றாக வரும் என்று சொல்லி அனுப்புவோம். சிலர் கேட்பார்கள், சிலர் கடையில் மருந்து வாங்கிக்கொண்டு போவார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இதுவரை பெயர் சொன்ன பூச்சிகள் எதுவும் அழிவின் விளிம்பில் இல்லை. டார்க் கிராஸ் புளூ ஆப்பிரிக்காவின் வடபகுதியிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவிய இனம். சைக்கஸ் இருக்கும்வரை பிளெயின்ஸ் க்யூபிட்டுக்கும் குறைவில்லை. நான் கவலைப்படுவது அவை கூடி வாழும் இடத்தைப் பற்றி. கடலூர் மணற்கல் என்று நிலவியலார் சொல்லும் இந்தச் செம்மண் மேடு கேப்பர் மலையிலும், திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கும் இடத்திலும், ஆரோவில் பக்கத்திலும் தலைகாட்டுகிறது. இதன் மேலும், கடற்கரையை ஒட்டிய மணலிலும் வளர்ந்தது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையில் ஒல்லியான ஒரு பட்டையாக மட்டும் இருந்த காடு அது. வருஷத்தில் பாதிக்கு மேல் வறட்சி, மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அப்படியிருந்தும் இலை உதிராமல் நிற்கும் காடு. வீரை, காயா, பாலை, கருங்காலி என்று குட்டையான, இறுக்கமான மரங்கள்.

இன்றைக்கு அது துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய துண்டுகளில் பலவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பது சாமி. திருமாணிக்குழி, அரசடிக்குப்பம், குழந்தைகுப்பம், வடக்கே புத்துப்பட்டு அய்யனார் கோயில் என்று இந்தத் தோப்புகளின் மரங்களைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் எண்ணிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். எங்கள் விதையில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கோயில் காடுகளிலிருந்தே வருகிறது. ஆனால் மரம் அடர்ந்த நடுப்பகுதி இருட்டு. நீலன்களுக்கு அங்கே அதிகம் வேலையில்லை. காடு முடிந்து வெட்டவெளி தொடங்குகிற ஓரத்தில்தான் அவற்றின் பிழைப்பு: களா, காரை, சூரைப் புதர், அதற்கு வெளியே ஆவாரை, அதற்கும் வெளியே நெருஞ்சிலும் அவுரியும் படர்ந்த செம்மண். தோப்புக்குள் கை வைக்கப் பயப்படுகிறவர்கள் இந்த ஓரத்தில் கை வைக்கத் தயங்குவதில்லை. வண்டி நிறுத்த, பந்தல் போட, கழிவறை கட்ட, மனை பிரிக்க என்று முதலில் போவது இந்த ஓரம்தான்.

மரம் நடுகிறேன் என்றும் போகிறது. மரம் நடுவதில் சோறு தின்கிறவன் இதைச் சொல்வதில் சங்கடம் ஒன்றுமில்லை. நடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எங்கே என்று பார்த்து நட வேண்டும் என்கிறேன். தொழிற்சாலை ஒன்றிலிருந்து மியாவாக்கி முறையில் அடர்காடு போடக் கூப்பிட்டிருந்தார்கள். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை, நெருக்கி நட்டுச் சீக்கிரம் காடாக்குவது. கெட்டுப்போன மண்ணுக்கு, கட்டடக் குப்பை கொட்டிய இடத்துக்கு அருமையான வழி. அந்த நிலமோ கெட்டுப்போகவில்லை. வேலியோரம் நெடுக வெள்ளைப் பூவோடு கொடிவேலி, சித்திரமூலம் என்றும் சொல்வார்களே, அது. அதில் ஜீப்ரா புளூ. மூடிய இறக்கையில் பழுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக இருக்கும் நீலன். இலையை விட்டுவிட்டு மொட்டுக்கொத்தில் முட்டை வைக்கும். புழு பூவையும் மொட்டையும் தின்று வளரும். அங்கே ஒரு கொத்தில் பச்சைப் புழு மொட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததை மேலாளரிடம் காட்டினேன். அவர் குனிந்து பொறுமையாகப் பார்த்தார், படமும் எடுத்துக்கொண்டார். வேலியோரம் ஒரு பட்டையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் குறிப்பில் எழுதிக் கொடுத்தேன். நாற்று இறக்கப் போன நாளில் நிலம் சமமாக வழிக்கப்பட்டு, கம்போஸ்ட் கொட்டித் தயாராக இருந்தது. மேலிடத்து உத்தரவு என்றார்கள். நட்டோம். மரங்கள் நன்றாகத்தான் வளர்ந்திருக்கின்றன.

அதற்கப்புறம், நிலம் பார்க்கப் போகும்போது ஒரு விமான நிலையத்தின் கதையைத் தவறாமல் சொல்கிறேன். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தை ஒட்டிய மணல்மேட்டில் எல் செகுண்டோ புளூ என்று ஒரு சின்ன நீலன். அந்தக் கடற்கரையின் மணல்மேடுகளில் மட்டும் வாழ்வது. 1976-ல் அதை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அது முட்டையிடுவது, புழு தின்பது, இறக்கை வந்த பூச்சி தேன் குடிப்பது எல்லாமே ஒரே செடியின் பூவில். 1970-களில் அந்த மணலுக்குப் பச்சை போர்த்துவதற்காக விதை தூவியபோது, அதே இனக்குழுவைச் சேர்ந்த இன்னொரு செடியின் விதையையும் கலந்து தூவிவிட்டார்கள். பார்வைக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் அது முன்கூட்டியே பூத்துவிடும். நீலன் வெளிவரும் நாளில் அந்தப் பூவால் அதற்குப் பயனில்லை. அதன் உணவுக்குப் போட்டி போடும் வேறு பூச்சிகளோ அந்த முன்பூவில் பெருகிவிட்டன. பிறகு அந்தச் செடியைப் பிடுங்கி எறிந்து, உள்ளூர்ச் செடியையே வளர்த்துத்தான் பூச்சியை மீட்டெடுத்தார்கள். நாற்றங்கால்காரனுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது என்பது என் எண்ணம். சான்பிரான்சிஸ்கோவின் மணல்மேடுகளில் இருந்த செர்சிஸ் புளூவுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. நகரம் மணலை மூடியது, 1940-களின் தொடக்கத்தோடு அந்த இனம் முடிந்துபோனது.

மணல் என்றதும் நம் கரையும் ஞாபகம் வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரம் நெடுக சவுக்கு நட்டார்கள். உயிர் பயத்தில் செய்தது, குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சவுக்கு ஊசி ஊசியாக உதிர்த்து மூடிய மணலில் அடும்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பின்வாங்கிவிட்டன. காற்றோடு வரும் மணலைப் பிடித்து மேட்டைக் கட்டுகிறவை அந்த இரண்டும்தான்.

கேப்பர் மலைச் சரிவில் ஆடு மேய்க்கும் ஓர் ஆயாவோடு எனக்கு நல்ல பழக்கம். எந்தக் காய் எப்போது பழுக்கும் என்று கேட்டால் எங்கள் பதிவேட்டைவிடச் சரியாகச் சொல்லும். அந்தச் சரிவை வேலி போட்டு அடைத்துக் காப்பாற்றலாம் என்று ஒரு பேச்சு வந்தபோது ஆயாவிடம் சொன்னேன்.

"வேலி போட்டா ஆடு எங்க போவும்?"

"ஆடு போகாம இருந்தா செடி பொழைக்கும் இல்ல ஆயா?"

"எந்தச் செடி? ஆடு மேயாட்டி மொத்தமும் சூரை முள்ளா அடைச்சுக்கும் தம்பி. அப்புறம் நீயும் உள்ள போவ முடியாது, உன் பூச்சியும் போவ முடியாது."

இங்கிலாந்தில் நடந்ததும் இதேதான். லார்ஜ் புளூ என்ற நீலனைக் காப்பாற்ற, பிடிக்க வருகிறவர்கள் நுழையாதபடி ஓர் இடத்துக்கு வேலி போட்டார்கள். ஆடு மாடும் உள்ளே போகவில்லை, புல் உயர்ந்தது. 1950-களில் நோய் வந்து முயல்கள் மடிந்தபோது மற்ற இடங்களிலும் புல் மேய ஆளில்லாமல் போயிற்று. இந்த நீலனின் புழு, குறிப்பிட்ட ஓர் எறும்பின் புற்றுக்குள் போய்த்தான் வளரும். அந்த எறும்புக்கு வெயில் படுகிற கட்டைப் புல்தரை வேண்டும். புல் உயர்ந்ததும் மண் குளிர்ந்தது, எறும்பு போனது, 1979-ல் பூச்சியும் அந்நாட்டிலிருந்து போய்விட்டது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு, மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, ஸ்வீடனிலிருந்து பூச்சிகளை வரவழைத்து 1980-களில் மறுபடி குடியேற்றினார்கள்.

ஆயாவின் பேச்சை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. ஆடு மிதமிஞ்சிப் போனால் தரை மொட்டையாகி, மழையில் செம்மண் ஓடை ஓடையாக அறுத்துக்கொண்டு போகும். எத்தனை ஆடு, எந்த மாதம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு ஆயாவிடம் இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்ததும் ஆட்டை வயல்வரப்புப் பக்கம் ஓட்டிவிடும். தை கடந்துதான் சரிவுக்குத் திரும்பும். அதற்குள் அவுரியும் நெருஞ்சிலும் பூத்துக் காய்த்துவிடும். இப்போது நில அறிக்கை எழுதும்போது, மேய்ச்சல் மாதங்களையும் கேட்டுச் சேர்த்துக்கொள்கிறேன்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறக்கவில்லை. முந்திரி போன மேடுகளில் சில மறுபடி தோப்பாயின, சில மனைகளாயின. யாரும் தொடாமல் விட்ட ஒன்றிரண்டு துண்டுகளில் நானறிய புதர் எழும்பி, ஓரத்தில் நீலன்களும் வந்துசேர்ந்தன. அவற்றை யாரும் நட்டுக் கொண்டுவரவில்லை. பக்கத்தில் ஒரு கோயில் காடு மிஞ்சியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் நாற்றங்காலிலும் சில மாற்றங்கள் செய்தோம். விலைப்பட்டியலில் மரங்களோடு கொடிவேலி, ஆவாரை, களா, அவுரியையும் சேர்த்தோம். நெருஞ்சிலைச் சேர்க்கவில்லை. திறந்த மண் இருந்தால் அதுவே முளைக்கும்; பைக்குள் வளர்த்து விற்க வேண்டிய செடி இல்லை. நடவுக் கணக்கில் 'நடாமல் விடும் பரப்பு' என்று ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டார் எங்கள் பொறுப்பாளர் அண்ணன். அந்தக் கட்டத்தை நிரப்பக் கேட்டால் வாடிக்கையாளர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நடாத இடத்துக்கு எதற்குக் காசு என்பார்கள். அதைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று விளக்குவோம். சீமைக்கருவேலம் முளைத்தால் பிடுங்க வேண்டும், குப்பை கொட்டவிடாமல் பார்க்க வேண்டும்.

தமிழக அரசு 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது மகிழ்ச்சியான விஷயம். பள்ளிப் பிள்ளைகளிடம் போய்ப் பேசும்போது அந்தப் படத்தைக் காட்டியே ஆரம்பிக்கிறேன். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். கடலூர்ப் பிள்ளை அதைப் பார்க்க ஊர் தாண்டிப் போக வேண்டும். அதனால் அப்புறம் பிள்ளைகளை மைதானத்தின் மூலைக்குக் கூட்டிப்போய்க் குனியச் சொல்கிறேன். கூட்டமாகக் கத்திக்கொண்டு வருகிறவர்கள் முதல் நீலனைப் பார்த்ததும் ஆளுக்கொரு நெருஞ்சிலைத் தேடிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இப்போது கையில் இருக்கும் வேலை ஒரு கோயில் காடு. கும்பாபிஷேகத்துக்காகச் சுற்றிலும் பேவர் பிளாக் போடத் தீர்மானித்து, நடுவில் நட மரம் கேட்டு எங்களை அழைத்தார்கள். ஊர்ப் பெரியவர்களோடு சுற்றி நடந்து பேசியதில், வண்டி நிற்கும் வடக்குப் பக்கம் மட்டும் பிளாக், தெற்குச் சரிவில் கை வைப்பதில்லை என்று முடிவாயிற்று. வடக்குப் பக்கம் வேலை முடிந்துவிட்டது. தெற்கே திருவிழாவுக்கு முன் மண்வெட்டி போடாமல் குப்பை மட்டும் பொறுக்குவது என்று தர்மகர்த்தா வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நாளைக்கு ஆள் மாறினால் பேச்சும் மாறலாம். அதனால் வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டு ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். சரிவின் எல்லை, அதில் உள்ள செடிகளின் பெயர், ஆடு வரும் மாதங்கள் எல்லாம் மனுவோடு இணைத்தாயிற்று. ஆயாவும் சபைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறது.