கட்டு பிரிக்காத கவிதைகள்

ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் பதினாறு ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். திருமண அழைப்பிதழ்களுக்கும் ரசீதுப் புத்தகங்களுக்கும் நடுவே, சொந்தச் செலவில் கவிதைத் தொகுப்பு போட வருகிறவர்களின் வேலையும் என் மேசைக்கு வரும். ஓர் ஒற்றெழுத்துக்காக மூன்று முறை மெய்ப்புப் பார்க்கும் அவர்கள், புத்தகத்தை யாரிடம் விற்பது என்று யோசிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் 96 பக்கத்தில், அதாவது பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் ஆறு ஃபாரத்தில், ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். ஆஃப்செட்டில் எண்ணிக்கை கூடக் கூட அடக்கவிலை குறையும் என்று சொல்லி அவரை 500 பிரதிகளுக்குச் சம்மதிக்க வைத்தவன் நான்தான். பிரதிக்கு 52 ரூபாய் அடக்கம்; விலை 100 ரூபாய். வெளியீட்டு விழாவுக்கு வந்த உறவினர்கள் தாம்பூலப் பையை வாங்கிக்கொள்வதுபோல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்; காசு கேட்க அவருக்கு வாய் வரவில்லை. சால்வைக்கும் தேநீருக்கும் ஆன செலவுகூட அன்று தேறவில்லை.

கடைக்காரர்கள் 40 சதவீதம் கழிவு கேட்டார்கள், அதுவும் விற்ற பிறகே பணம். மிஞ்சும் எட்டு ரூபாய், கணக்குக் கேட்டு நடக்கும் பேருந்துச் செலவுக்கே போதாது. ஜனவரியில் நந்தனத்தில் நடக்கும் புத்தகக் காட்சியில் அரங்கு எடுப்பது ஒற்றைப் புத்தகம் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது. மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சலையும் அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டதால், வெளியூர் வாசகருக்கு அனுப்பும் செலவு கவிதைப் புத்தகத்தின் விலையோடு போட்டி போடுகிறது.

அந்த மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலுக்கடியில் ஏழு கட்டுகள், நாங்கள் கட்டிய சணல் அவிழாமல் கிடந்தன. கடற்காற்றின் ஈரத்தில் மேல் பிரதிகளின் அட்டை சுருண்டு, ஓரத்தில் லேமினேஷன் உரிந்திருந்தது. அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் எனக்குக் காபி கொடுத்தார். அதைக் குடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதன்பின், கவிதைப் புத்தகம் என்று யார் வந்தாலும் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கூசாமல் காசு கேட்கக்கூடியவர்களின் பெயர்களை எழுதச் சொல்கிறேன். தண்டையார்பேட்டை ஆசிரியை ஒருவர் மறுநாள் வந்து 63 பெயர்களைக் கொடுத்தார். அடக்கவிலை கூடினாலும் பரவாயில்லை என்று டிஜிட்டலில் 80 பிரதிகள் மட்டும் அடித்தோம். பணம் தந்தவர் பெயருக்கு நேரே டிக் போட்ட அந்தத் தாளை நான்கு மாதம் கழித்து மடிப்போடு என் மேசையில் விரித்து வைத்து, இன்னும் 40 பிரதிகள் கேட்டார்.