போகக் கூடாத இடங்கள்

காரைக்குடிக்கு லீவில் வந்தால் அப்பத்தா கேட்பது ஒன்றுதான்: "அம்புட்டுப் பெரிய கடல்ல பாதை எதுக்குப்பா?" தொண்டிக் கடலையே உதாரணம் சொல்வேன். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்வழி பாக் நீரிணைதான். ஆனால் சேது மேட்டில் ஆழம் போதாது. அதனால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.

நான் செகண்ட் ஆபீசர். பாசேஜ் பிளான், அதாவது கப்பல் போகும் வழிக்கான திட்டம், போடுவது என் வேலை. கப்பலைக் கட்டி நிறுத்தியிருக்கும் பெர்த்திலிருந்து அடுத்த துறைமுகத்தின் பெர்த் வரை முழுசாகப் போட வேண்டும். 1999-இல் சர்வதேச கடல்சார் அமைப்பு தந்த வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

எக்டிஸ் என்ற மின்னணுக் கடல் வரைபடத் திரையில் கோடு இழுப்பது சுலபம். போகக் கூடாத இடங்களை முதலில் குறித்துவிட்டுத்தான் நான் கோட்டுக்கு வருவேன். டிராப்ட் (கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம்) எவ்வளவு, அந்த நேரத்தில் ஓதம் எவ்வளவு, அப்புறம் ஸ்குவாட். ஆழம் குறைந்த இடத்தில் ஓடும் கப்பல் இன்னும் கொஞ்சம் கீழே அமிழும்; வேகத்தைப் பாதியாக்கினால் அந்த அமிழ்வு ஏறக்குறைய கால் பங்காகிவிடும். மலாக்கா நீரிணையில் ஆழமாக அமிழும் பெரிய கப்பல்களுக்கு அடியில் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருந்தாக வேண்டும். எங்கள் ஊர் ஐயாக்கள் பினாங்குக்கு வட்டிக்கடை வைக்கப் போன அதே வழி. அங்கே வாட்ச் நிற்கும்போதெல்லாம் அவர்கள் நினைப்பு வரும்.

போட்ட பிளானை நடுவில் மாற்றுவதுதான் எனக்குப் பெரிய பயம். 2020 ஜூலையில் மொரீஷியஸ் அருகே வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளத்திட்டில் ஏறியது. தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போக வேண்டிய கப்பல். மொபைல் சிக்னலுக்காகக் கரையை நெருங்கினார்கள். அந்த இடத்துக்கான விரிவான கடல் வரைபடம்கூட அவர்களிடம் இல்லை. வீட்டுக் குரலைக் கேட்கும் தவிப்பு எனக்கும் தெரியும். அதற்காகவே சொல்கிறேன், பிளான் மாறினால் ஆழக் கணக்கை முதலிலிருந்து போட்டே ஆக வேண்டும்.

துறைமுக வாய்க்காலுக்குள் நுழையும் முன் ஒரு அபார்ட் பாயின்ட் குறிப்பேன். எஞ்சினோ காற்றோ சரியில்லை என்றால் அதற்குள் திரும்பிவிடலாம், தாண்டினால் திரும்ப இடம் கிடையாது. கிளம்பும் முன் கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் கூடும்போது அந்த இடத்தைக் காட்டி, யார் எப்போது குரல் கொடுப்பது என்று பேசி முடிப்போம். புதிதாக வந்த கேடட் சந்தேகம் கேட்டால் கேப்டன் காத்திருந்து பதில் சொல்வார். பிளானில் கையெழுத்து அதற்கப்புறம்தான்.