லாஸ்ட் ட்ரிப் முடிந்து வருகிறவருக்கு

ராத்திரி 11 மணி சுமாருக்கு போன் வரும். "பஸ்ஸ விட்டாச்சு, கெளம்புதேன்." அவ்வளவுதான் பேச்சு. டெப்போவிலிருந்து பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வண்டியில் 20 நிமிஷம். அந்த 20 நிமிஷத்தில் நான் இன்னொரு சமையல் செய்கிறேன். சுடவைக்கிற சமையல்.

எங்க வீட்டுக்காரர் டவுன் பஸ் டிரைவர். மாசத்தில் பாதி நாள் மத்தியான ஷிஃப்ட். பகல் 1 மணிக்கு இறக்கின சோறும் குழம்பும் அவர் தட்டுக்கு வரும்போது 10 மணி நேரம் ஆகியிருக்கும். இன்ஜின் சூட்டுப் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு, ஓரம் கொதித்து நடுவில் சில்லென்று இருக்கிற சாப்பாட்டை வைக்க எனக்கு மனசு வராது. 18 வருஷமாக இதைச் செய்து கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள் இருக்கிற வீட்டுக்கு உதவும்.

முதலில் சோறு. இதில்தான் நான் பட்டிருக்கிறேன். 2014 மே மாசம், அக்கினி நட்சத்திர வெயில். மத்தியானம் வடித்த சோற்றை அடுப்படியிலேயே மூடி வைத்துவிட்டேன். ராத்திரி எடுத்துப் பார்த்தால் கெட்ட வாடை எதுவும் இல்லை. தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சூடாக்கித்தான் போட்டேன். 2 மணிக்கு எழுந்து வாந்தி எடுக்க ஆரம்பித்தார். விடியும்வரை நிற்கவில்லை. "நல்லா கொதிக்கக் கொதிக்கத்தானே டாக்டர் சூடு பண்ணினேன்" என்று நான் அழுதபோது, அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்து உலைக் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக வெளியில் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கி வைக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

அன்றைக்குத்தான் புரிந்தது, ராத்திரிச் சூட்டுக்கான வேலை மத்தியானமே தொடங்குகிறது என்று. இப்போது நாங்கள் சாப்பிட உட்காருமுன் அவர் பங்கை எடுத்து அகலத் தட்டில் பரப்பிவிடுவேன். ஆறினதும் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்குள். சமைத்து 2 மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். (நீராகாரத்துக்குத் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கிற பழைய சோறு வேறு சங்கதி. அதை யாரும் சுடவைப்பதில்லை.)

ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போகும். சோற்றிலுள்ள மாவுச்சத்து குளிரில் இறுகிக்கொள்வதால் அப்படி. இட்லி மறுநாள் கல்லாகிப் போவதும் இதனால்தான். ஈரமும் 60 டிகிரிக்கு மேல் சூடும் சேர்ந்து கிடைத்தால் திரும்ப இளகிவிடும். வெறும் சூடு மட்டும் கொடுத்தால் காய்ந்து பருக்கை பருக்கையாக நிற்கும். அதனால் போன் வந்ததும் முதலில் இட்லிக் கொப்பரையைத்தான் அடுப்பில் ஏற்றுவேன். கையை நனைத்துக்கொண்டு, சோற்றுக் கட்டிகளை நசுக்காமல் விரல் நுனியால் உதிர்ப்பேன். தட்டில் ஈரத்துணி விரித்துச் சோற்றைப் பரப்பி, நடுவில் ஆவி ஏற ஒரு குழி விட்டு, மூடியில் கோத்த தண்ணீர் மேலே சொட்டாமல் துணியின் நாலு நுனியையும் மேலே மடக்கிவிடுவேன். 7, 8 நிமிஷம். திறந்தால் பருக்கை மினுமினுவென்று இருக்கும், இப்போதுதான் வடித்த மாதிரி வாசம் வரும். நடுச்சோற்றில் விரல் வைத்தால் சுரீரென்று சுட வேண்டும். உணவுப் பாதுகாப்புக் கணக்கில் உள்ளே 75 டிகிரி ஏற வேண்டும் என்கிறார்கள்.

குழம்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். சாம்பார் பருப்பு இறுகிக் கெட்டியாகியிருக்கும், வெந்நீர் விட்டுத் தளரக் கொதிக்க வைத்தால் போதும். புளிக்குழம்பு எத்தனை கொதித்தாலும் ருசிதான். ஆனால் தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற சொதி அப்படி இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் மிஞ்சின சொதியைப் பெரிய தீயில் வைத்துவிட்டேன். அத்தை ஓடி வந்து, "ஏளா, சொதியக் கொதிக்க விட்டுறாத, பால் திரிஞ்சு போவும்" என்று சட்டியை இறக்கினார்கள். தேங்காய்ப்பால் கொதித்தால் எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே. அத்தை ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வைத்து, கரண்டியால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆவி வந்ததும் எடுத்து, புதிதாக எலுமிச்சம்பழம் பிழிந்தார்கள். மோர்க்குழம்புக்கும் நான் இதே வழிதான். இந்த இரண்டையும் ராத்திரிக்கென்று ஒரு தடவைதான் சூடாக்குவேன். மிச்சமானால் அதோடு சரி.

மீன்குழம்பு மறுநாள்தான் மீன்குழம்பு. அதற்காகத் துண்டோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் மீன் கரைந்து முள்தான் மிஞ்சும். துண்டுகளைத் தட்டைக் கரண்டியால் தூக்கித் தனியே வைத்துவிட்டு, குழம்பை மட்டும் தளதளவென்று கொதிக்க விடுவேன். பிறகு தீயைக் குறைத்துத் துண்டுகளை இறக்கி, மூடி 3 நிமிஷம். கரண்டி போடக் கூடாது. மண்சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் போதும், குழம்பு தானே மீன்மேல் ஏறி இறங்கும்.

மகள் முதல் சம்பளத்தில் மைக்ரோவேவ் வாங்கித் தந்தாள். கூட்டுக்கும் பொரியலுக்கும் அது அருமை. கண்ணாடிக் கிண்ணத்தில் வளையம் மாதிரி ஓரமாகப் பரப்பி, நடுவைக் காலியாக விடுங்கள். நடுவில் குவித்தால் அங்கேதான் சூடு ஏறாது. ஒரு நிமிஷம் ஓட்டி, எடுத்துக் கிளறி, இன்னொரு நிமிஷம், பிறகு அப்படியே ரெண்டு நிமிஷம் மூடி வையுங்கள். வடையை மட்டும் அதில் வைக்காதீர்கள், சவசவவென்று ரப்பராகிவிடும். வெறும் தோசைக்கல்லில் சிறு தீயில் புரட்டிப் புரட்டி எடுத்தால் மொறுமொறுப்பு திரும்ப வரும்.

கல்யாண வீட்டு மறுநாள் அவியல், சாம்பார், கூட்டு எல்லாம் ஒரே சட்டியில் சேர்ந்து சுண்டச் சுண்டக் கிடக்குமே, அந்தச் சுண்டக்கறியை நான் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு மிச்சம் சேராததால் அந்த ருசி வரவே இல்லை.

ரசம் கடைசி. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் அதை அடுப்பில் வைப்பேன். முன்னாலேயே சூடாக்கி வைத்தால் மிளகு, பெருங்காய வாசமெல்லாம் அடுப்படியோடு போய்விடும், தட்டுக்கு வராது. கொதிக்க விட்டாலும் கடுத்துப்போகும். ஈயச்சொம்பின் விளிம்பைச் சுற்றி நுரை கட்டும், பிறகு மெல்ல நடுவுக்கு ஏறும். வாசல் கேட் கொண்டிச் சத்தமும் அந்த நுரையும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். தீயை அணைத்து, ரெண்டு மல்லித்தழையைக் கிள்ளிப் போட்டு மூடுவேன். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும், சோற்றுக்கு முன்னால் டம்ளரை நீட்டி, "கொஞ்சம் ரசத்த ஊத்து" என்பார்.